பத்து நிமிஷம் என்று நான் சொன்ன காலை

ரயில்வே பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு சிக்னலும் விதிப்புத்தகமும் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தொட்ட கருவிகளில் பாதி இப்போது பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆனால் ஒரு வேலை மட்டும் மாறவில்லை. பிளாட்பாரத்திலிருந்து ஒருவர் உங்கள் அறை ஜன்னலுக்கு வந்து, "வண்டி எப்ப சார் கெளம்பும்?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பாடம் கிடையாது. நானும் பாடம் நடத்த வரவில்லை. எனக்கு அந்தத் தெம்பும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். ஸ்டேஷன் பேர் வேண்டாம். அங்கே இப்போது இருப்பவர்களுக்கு என் பாவத்தில் பங்கில்லை. அப்போது மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. ஒரு வண்டி போக வேண்டுமானால் இன்னொன்று எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்குவது எப்போதும் பாசஞ்சர்தான். தெற்கேயிருந்து ராத்திரி முழுக்க ஓடிவருகிற எக்ஸ்பிரஸ்கள் வழியில் எங்கெங்கோ நேரத்தைத் தொலைத்துவிட்டு, விடிந்த பிறகு எங்கள் பக்கம் வந்து சேரும். அவை தொலைத்த நேரத்தை பாசஞ்சரில் போகிறவர்கள் கட்டுவார்கள்.

காலை ஆறேகாலுக்கு விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வரும். அதில் ஏற எங்கள் ஸ்டேஷனில் எழுபது, எண்பது பேர் நிற்பார்கள். எல்லாரும் சீசன் டிக்கெட்காரர்கள். செங்கல்பட்டு கோர்ட்டில் குமாஸ்தாக்கள், தாம்பரம் பக்கம் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்கள், இரண்டு மூன்று டீச்சர்கள். கூட்டேரிப்பட்டுப் பக்கமிருந்து சைக்கிளில் வருவார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வருவார்கள். வண்டி அரை மணி தாமதமானால் அவர்களுக்கு ஆபீஸ் நோட்டில் சிவப்புக் கோடு விழும். மூன்று கோடு சேர்ந்தால் அரை நாள் லீவு போய்விடும். தொழிற்சாலைக்காரர்களுக்கு கேட்டையே சாத்திவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பழகிவிட்டது. தினமும் எண்பது பேர் முகத்தைப் பார்த்தால் முகம் தெரியாமல் போய்விடும்; அதுதான் நம் தொழிலில் முதலில் வருகிற நோய்.

அவர்களில் ஒருவர் ஆரோக்கியமேரி. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக உதவியாளர். நிலம் நீச்சு இல்லாத குடும்பம். வீட்டில் மற்றவர்கள் எல்லாம் கரும்பு வெட்டுக்கும் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பிடுங்கவும் போகிறவர்கள். அந்தத் தெருவிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த முதல் பெண் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வண்டி தாமதமானால் ஜன்னலுக்கு வந்து சத்தம் போடாமல் கேட்கிற பெண் என்பதுதான்.

அன்று பாசஞ்சர் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். கண்ட்ரோலிலிருந்து போன் வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற குரல் அது. முகம் பார்த்ததில்லை.

"திண்டிவனம் தாண்டி மேல கரண்ட் கம்பி அறுந்து கெடக்குது. ரிப்பேர் வண்டி இனிமேதான் கெளம்பணும். ரெண்டு மணி நேரம் ஆவும், மேலயும் ஆவலாம். பாசஞ்சரை அங்கயே புடிச்சி வை."

"ஜனங்ககிட்ட சொல்லிடட்டுமா சார்?"

"எதுக்கு? கூட்டமா வந்து உன் மேசையைச் சுத்தி நிக்கறதுக்கா? பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு சொல்லி ஓட்டு."

முந்தின மாதம்தான் வேறொரு ஸ்டேஷனில் கூட்டம் கூடி ஜன்னல் கண்ணாடியை உடைத்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அன்று விடுப்பு. நானும் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் முனுசாமியும் மட்டும். பயமா, சோம்பலா, சொன்னதைச் செய்கிற பழக்கமா என்று கேட்டால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றும் இருந்தன.

ஆறரைக்கு ஆரோக்கியமேரி ஜன்னலுக்கு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சர்ட்டிபிகேட்டுகள்.

"சார், இன்னைக்கு ஒம்போது மணிக்கு எனக்கு இன்டர்வியூ. பர்மனென்ட் ஆக்கறாங்க. வண்டி கெளம்புமா? இல்லன்னா சொல்லிடுங்க, நான் ரோட்டுக்குப் போயி பஸ்ஸைப் புடிச்சிக்கினு போய்டறேன்."

பஸ் போகிற டிரங்க் ரோடு கால் மணி நேர நடை. அப்போது கிளம்பியிருந்தால் ஒன்பதுக்கு முன்னால் செங்கல்பட்டில் இறங்கியிருக்கலாம். இந்தக் கணக்கு எனக்கு அந்த நொடியே தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"பத்து நிமிஷத்துல கெளம்பிடும்மா" என்றேன்.

"நிச்சயமா சார்?"

"போய் உட்காரும்மா."

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி வந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாரும் இல்லாதபோதே பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு, கையால் 'இதோ, இதோ' என்று காட்டினேன். திரும்பிப் போனார். ஏழரைக்கு அவர் என்னைக் கேட்க வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் ஓடுவதைப் பார்த்தேன்.

பாசஞ்சர் எட்டரைக்குக் கிளம்பியது. யாரும் கண்ணாடியை உடைக்கவில்லை. கண்ட்ரோலில், "நல்லா சமாளிச்ச" என்றார்கள்.

மறுநாள் காலை அவர் தாமதச் சீட்டு கேட்டு வந்தார். வண்டி இவ்வளவு நேரம் தாமதம் என்று ஸ்டேஷன் சீல் போட்டு எழுதித் தருவோமே, ஆபீஸில் காட்டுவதற்கு, அதுதான். எழுதிக் கொடுத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்கும் மறுநாள் அதே சீட்டோடு திரும்பி வந்தார்.

"இது போதாதுன்னுட்டாரு சார், ஆபீசரு. வண்டி நின்னா பஸ்ல வர்றதுதானே, பஸ்தான் ஓடிச்சேன்னு கேக்கறாரு. நான் நீங்க சொன்னதைச் சொன்னேன். அதை எழுத்துல வாங்கிக்கினு வான்றாரு. பத்து நிமிஷத்துல கெளம்பும்னு நீங்க சொன்னீங்க இல்ல, அதை மட்டும் எழுதிக் குடுங்க சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் அன்று அறையில் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எழுதிடாதப்பா. வாயால சொன்னதுக்கு சாட்சி கெடையாது. பேப்பர்ல எழுதினா அது உன் கழுத்துக்குச் சுருக்கு. ரெண்டு மணி நேரம் ஆவும்னு தெரிஞ்சே சொன்னியான்னு என்கொயரியில கேப்பான். என்ன பதில் சொல்லுவ?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு எது நல்லதோ அதைத்தான் சொன்னார். நல்லவர்கள் சொல்கிற தவறான யோசனையை மறுப்பது கஷ்டம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

ஜன்னலுக்குத் திரும்பி வந்து, "அப்படியெல்லாம் எழுதிக் குடுக்க ரூல் இல்லம்மா" என்றேன்.

அவர் "சரிங்க சார்" என்றார். சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. ஆரோக்கியமேரி அதே தற்காலிக வேலைக்கு, அதே பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தார். தினமும் பார்ப்பேன். ஆனால் ஜன்னலுக்கு மட்டும் வரமாட்டார்.

ஒன்றிரண்டு மாதம் போன பிறகு, முனுசாமி கொடியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பாத்தீங்களா சார், இப்பல்லாம் உங்களை யாருமே ஒண்ணும் கேக்கறதில்ல."

"தொல்லை விட்டுது" என்றேன்.

"எங்கிட்ட வந்து கேக்கறாங்க சார். எனக்கு இன்னா தெரியும்? நான் சிக்னலைப் பாத்துச் சொல்றேன். அது போதும்ன்றாங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. எண்பது பேரில் ஒருத்தருக்குச் சொன்ன பொய் எண்பது பேருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் சண்டை போடவில்லை, புகார் எழுதவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் அந்த அறையில் சம்பளம் வாங்குகிற ஒரு நாற்காலியாகிவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். தொடர்ந்து மூன்று நாள், பாசஞ்சரை எங்கள் ஸ்டேஷனில் கிளை லைனில் ஒதுக்கி, பின்னால் தாமதமாக வந்த எக்ஸ்பிரஸை முன்னால் விட்டார்கள். முதல் நாள் நாற்பது நிமிஷம். இரண்டாம் நாள் ஒரு மணி. மூன்றாம் நாள் பாசஞ்சர் ஒதுங்கியதுமே எல்லாரும் கீழே இறங்கினார்கள். பேசி வைத்திருந்தார்கள் போல. மெயின் லைனில் போய், தண்டவாளத்தின் மேலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். விழுப்புரத்திலிருந்து ஏறி வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, இருநூறு பேருக்கு மேல் இருக்கும். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருவர். ஆரோக்கியமேரியும் இருந்தார்.

எக்ஸ்பிரஸ் அப்போது ஸ்டேஷனுக்கு வெளியே, சிக்னலுக்கு முன்னால் வந்து நின்று கூவிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலில் போனை எடுத்தால் கத்தல்.

"ஆளுங்களைக் கிளப்பு. போலீஸ் வேன் திண்டிவனத்துலேருந்து கெளம்பிடுச்சு. அதை வெளியில சொல்லிக்கினு இருக்காத, ஓடிடுவானுங்க. நாலு பேரையாவது புடிக்கணும்."

"சார், பாசஞ்சரை முதல்ல விட்டுடலாமே. அவங்க கேக்கறது அவ்வளவுதான்."

"எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா? பின்னால நாப்பது நிமிஷத்துல இன்னொரு எக்ஸ்பிரஸ் வருது. இப்ப வெளியில நிக்கற எக்ஸ்பிரஸை அனுப்பினா, ரெண்டுக்கும் நடுவுல உன் பாசஞ்சர் திண்டிவனம் போய்ச் சேரும். இல்லன்னா ரெண்டாவதுக்கும் சேர்த்து அங்கயே நிக்கட்டும்."

போனை வைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் கூட்டத்துக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை.

நான் பிளாட்பாரத்திலிருந்து இறங்கிப் போனேன். போகும்போது எந்த யோசனையும் இல்லை. நிறையப் பேர் எழுதுவார்கள், அந்தத் தருணத்தில் எனக்குத் தெளிவு பிறந்தது என்று. எனக்குக் கால் நடந்தது. அவ்வளவுதான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த எக்ஸ்பிரஸை விட்டுட்டா உங்க வண்டி உடனே கெளம்பிடும்" என்றேன்.

"எத்தினி நிமிஷத்துல சார்? பத்தா?" என்று யாரோ கேட்டார்கள். இருநூறு பேரும் சிரித்தார்கள். எக்ஸ்பிரஸ் கூவுகிற சத்தத்துக்கு மேல் அந்தச் சிரிப்பு கேட்டது.

முன்வரிசையில் பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். கோர்ட் குமாஸ்தா, சீசன்காரர்களுக்காக மனு எழுதுகிறவர். அவர் சிரிக்கவில்லை.

"சார், உங்க பேர்ல எங்களுக்குக் கோவம் இல்ல. ஆனா உங்க பேச்சை எப்படி நம்பறது? ஒரு பொண்ணு பொழைப்பையே கெடுத்தவரு நீங்க."

ஆரோக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டார். எல்லார் பார்வையும் அவர் மேலும் என் மேலும் மாறி மாறி விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என் தோளைத் தொட்டு, "வா, உள்ள போலாம்" என்றார்.

நான் போகவில்லை.

"ஆமாங்க, கெடுத்தேன்" என்றேன். "அன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஆவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பத்து நிமிஷம்னு சொன்னேன். எழுதிக் குடுன்னு கேட்டப்ப ரூல் இல்லன்னு சொன்னேன். அதுவும் பொய். பயந்துக்கினு சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். உங்க வண்டியை முன்னால அனுப்பச் சொல்லிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. அந்த அதிகாரம் எனக்குக் கெடையாது. நிக்கற எக்ஸ்பிரஸ் இப்ப போனா, உங்க வண்டி கால் மணி, இருபது நிமிஷத்துல கெளம்ப வழி இருக்குது. நிச்சயம்னு சொல்ல மாட்டேன். போவலன்னா பின்னால இன்னொரு எக்ஸ்பிரஸ் வருது, அதுக்கும் சேர்த்து நிக்கணும். இன்னொண்ணு. திண்டிவனத்துலேருந்து போலீஸ் வேன் கெளம்பிடுச்சு. இதைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. உங்கள்ல பாதிப் பேர் கவர்மெண்ட் வேலையில இருக்கறீங்க. கேஸ் ஆனா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

ஸ்டேஷன் மாஸ்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

பாலகிருஷ்ணன் பெண்கள் பக்கம் திரும்பினார். "மேரிம்மா, நீங்க சொல்லுங்க. நம்பலாமா?"

ஆரோக்கியமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"நம்பலாமான்னு எனக்குத் தெரியாதுண்ணா. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு அவரே ஒத்துக்கினாரு. இன்னைக்குச் சொல்றது இன்னான்னு வண்டி கெளம்பினாத்தான் தெரியும். நான் ஒம்போது மணிக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். நான் எழுந்துக்கறேன். உக்கார்றவங்க உக்காருங்க."

வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, இரண்டு பேருமாகப் பிளாட்பாரத்தில் ஏறினார்கள். பின்னாலேயே மற்ற பெண்கள். ஆண்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பாலகிருஷ்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளையிலேருந்து உங்களுக்குத் தெரிஞ்சதைத் தெரிஞ்சபடி போர்டுல எழுதிப் போடணும் சார். தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க."

"எழுதறேன்" என்றேன்.

எக்ஸ்பிரஸ் போயிற்று. பாசஞ்சர் இருபத்தைந்து நிமிஷத்தில் கிளம்பியது. நான் சொன்னதைவிட ஐந்து நிமிஷம் கூடுதல். போலீஸ் வேன் வந்தபோது பிளாட்பாரத்தில் நானும் முனுசாமியும் இரண்டு ஆடுகளும்தான் இருந்தோம்.

இங்கே கதை முடிந்துவிட்டதாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு மெமோ வந்தது. உத்தரவை மீறி வெளியில் சொன்னதற்கும், பயணிகள் முன்னிலையில் நிர்வாகத்தைக் குறைத்துப் பேசியதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, அவராகவே உட்கார்ந்து என் பதிலைத் திருத்திக் கொடுத்தார். கொஞ்ச நாளில் என்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். போர்டில் எழுதிப் போட்டேன், இருந்தவரைக்கும். பாசஞ்சர் அதனால் ஒரு நிமிஷம்கூட முன்னால் போகவில்லை. தாமதம் தாமதமாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் நேரத்தோடு போனார்கள், கிடைத்தது அவ்வளவுதான்.

மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. கூட்டத்தின் முன்னால் ஒத்துக்கொண்ட அன்றே அதைச் செய்திருக்க வேண்டும். அதற்கும் பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். வெள்ளைத்தாளில் எழுதினேன். இன்ன தேதியில் வண்டி இரண்டு மணி நேரத்துக்குமேல் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகட்டுமா என்று இந்தப் பெண் என்னிடம் கேட்டார். பத்து நிமிஷத்தில் கிளம்பும் என்று பொய் சொல்லி நான் நிறுத்தி வைத்தேன். நேரத்துக்கு வராதது அவர் தவறு இல்லை. கீழே கையெழுத்தும் பதவியும்.

லீவு போட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு போனேன். ஆஸ்பத்திரியில் அந்த அதிகாரி என்னை உட்கார வைத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"லிஸ்ட் போடறதுக்கு அப்ப எங்களுக்கு ஒரு வாரம் டைம் இருந்துதுங்க. நான்தான் அந்தப் பொண்ணை அனுப்பினேன், போயி எழுத்துல ஏதாவது வாங்கிக்கினு வாம்மா, மறுபடி கூப்புடறேன்னு. வெறுங்கையா வந்து நின்னுச்சு. பொய் சொல்லுது போலன்னு நெனைச்சிட்டேன்." கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இனிமே இதை வெச்சிக்கினு நான் என்ன பண்றது? அந்த எடத்துல ஆள் வந்தாச்சு."

"அடுத்த தடவை இடம் வந்தா..."

"எப்ப வரும்னு எனக்கே தெரியாதுங்க. வந்தா பாக்கலாம்."

அவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சாயங்காலம் விழுப்புரம் போகிற பாசஞ்சரில் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். மேல்மருவத்தூரில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் ஆரோக்கியமேரியைப் பார்த்தேன், ஜன்னலோரம். பக்கத்துப் பெண்கள் அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனதை, அதிகாரி சொன்னதை, எதையும் குறைக்காமல். அந்த ஒரு வாரத்தைப் பற்றியும் சொன்னேன். பக்கத்துப் பெண்கள் உரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரை ஒன்று போயிற்று. பிறகு சவுக்குத் தோப்பு. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்த லெட்டரு இப்ப உங்ககிட்ட இருக்குதா சார்?"

"இருக்குதும்மா. இனிமே அது எதுக்கும் உதவாதுன்னுட்டாரு."

"எனக்குக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்கண்ணன்தான் சார் என்னைப் படிக்க வெச்சுது. கரும்பு வெட்டி, அடுத்தவங்க கழனியில சேறு மிதிச்சி. அந்த இன்டர்வியூ போனதுலேருந்து எங்கிட்ட பேசறதில்ல. ஒரே வூட்டுல இருக்கறோம். சோறு போட்டா சாப்புட்டுட்டு எழுந்து போய்டுது. சிங்காரிச்சிக்கினு நின்னு வண்டிய உட்டுட்டேன்னு அதுக்கு நெனைப்பு."

"நீங்க சொல்லலையா, நான்தான் பொய் சொன்னேன்னு?"

"சொன்னேன் சார். ஸ்டேஷன் மாஸ்டரு எதுக்குடி பொய் சொல்லுவாரு, அவருக்கு இன்னா வந்துதுன்னு என்னையே கேட்டுச்சு."

கடிதத்தை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பொய் என்ற சொல் இருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைக்காமல், ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

எங்கள் ஸ்டேஷனில் இறங்கியதும் அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டு மெதுவாக நடக்க, அவர் மட்டும் வரப்பில் இறங்கி, விடுவிடுவென்று வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.